ஆணி டப்பா

— முப்பத்தொன்பது நாள்.

— உள்ள வந்து உட்காரக்கூட இல்ல, அதுக்குள்ள கணக்கா தங்கச்சி?

— உங்க அட்டையில தேதி இருக்குண்ணே. நீங்க வந்துட்டுப் போய் முப்பத்தொன்பது நாள்தான் ஆச்சு. டாக்டர் உங்களை மூணு மாசம் கழிச்சுத்தான் வரச் சொல்லியிருந்தாங்க.

— இந்த நாற்காலி ஞாபகமாவே இருந்துச்சு. ஊருக்கெல்லாம் சோபா தைக்கிறேன், ஒருத்தன் வீட்டுலயாவது இப்படிக் காலை நீட்டிப் படுக்க விடுறானா?

— போன தடவை இதே நாற்காலிக்குக் குறை சொன்னீங்க.

— இப்பவும் சொல்வேன். தலை வைக்கிற இடத்தைப் பாரு. துணியை இழுத்துப் பிடிக்காம ஆணி அடிச்சிருக்கான், சுருக்கம் விழுந்து... சரி, அதை விடு. ரத்தம் வருது.

— நாற்காலியிலயா?

— வாயில, தாயே! பதினோரு நாளா. பல் தேய்ச்சுத் துப்பினா தொட்டி சிவக்குது. கீழ முன்பல்லு ரெண்டும் ஆட்டம்.

— அது போன தடவையே ஆடுச்சே.

— அப்போ கேட்டதுக்கு மட்டும் தலையாட்டுச்சு. இப்போ கேட்காமலே ஆட்டுது.

— சாயுங்க... மெதுவா. வாயைத் திறங்க. இன்னும். போதும், போதும், நானே உள்ள விழுந்துடுவேன் போல.

— ஆ... ஆங்...

— பேசாதீங்க. அளவுக் கம்பியை ஈறுக்குள்ள விடறேன், எவ்வளவு ஆழம் போகுதுன்னு பார்க்க. லேசா குத்தும். மூணு... மூணு... நாலு... கண்ணை ஏன் இறுக்கி மூடுறீங்க, வலிக்குதா?

— ஊஹூம்.

— அஞ்சு... ஆறு... அடடா, தொட்டதுமே வருதே. நாக்கை உள்ள இழுங்க, குழாயை வைக்கிறேன்... ஆச்சரியமா இருக்கு.

— ஆ?

— ஒண்ணுமில்ல... இல்ல, ஒண்ணு இருக்கு. எழுந்து துப்புங்க, சொல்றேன்.

— அப்பாடா... இரு தங்கச்சி, இரு. சட்டுனு எழுந்தா கண்ணைக் கட்டுது.

— ரொம்ப நாளாவா?

— ரெண்டு வாரமா இருக்கும். நாள் முழுக்கக் குனிஞ்சே கிடக்கிற பொழப்பு, கட்டாம என்ன செய்யும்? நீ ஆச்சரியத்தைச் சொல்லு.

— டாக்டர் வர்றதுக்குள்ள சொல்லிடறேன். பக்கத்து ரூம்ல ஒருத்தருக்கு வேர் சிகிச்சை, இன்னும் கால் மணி நேரம் ஆகும். வந்ததும் உங்களுக்கு மரத்துப்போற ஊசி போட்டு, ஈறை விலக்கி, ஆழமா சுத்தம் பண்ணப் போறாங்க. ஆடுற பல்லுல ஒண்ணை எடுக்க வேண்டி வந்தாலும் வரும்னு போன தடவையே சொன்னாங்க.

— எடுக்கவா! எடுத்துட்டா ஆணியை எங்க பிடிக்கிறது?

— ஆணியை வாயில வைக்கக் கூடாதுன்னு நூறு தடவை சொல்லியாச்சு.

— சொல்றவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. ஒரு கை துணியை இழுக்கணும், ஒரு கை சுத்தியலைப் பிடிக்கணும். மூணாவது கைக்கு நான் எங்க போறது? வாய்தான். கன்னத்துல இருபது ஆணி. நாக்கால ஒண்ணைத் தள்ளி, முன்பல்லுல கடிச்சு, காந்தச் சுத்தியல்ல ஒட்ட வச்சு... டக்! கன்னத்துல இருபது ஆணி இருக்கிறப்பவே நான் பாட்டு பாடுவேன், தெரியுமா? பட்டறையில யாரும் கண்டுபிடிக்க முடியாது.

— பாட்டையா, ஆணியையா?

— பாட்டை எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்க. அப்புறம் ஓடிடுவாங்க.

— ஆணி டப்பாவை இங்கயும் எடுத்துட்டு வந்துட்டீங்களே. சட்டைப் பையில தொங்குது.

— பழக்கம். அது இல்லாம வெளிய வந்தா, சட்டை போடாம வந்த மாதிரி இருக்கும்... ஏன் என் மூஞ்சியையே பார்க்கிறே?

— கன்னம் வத்தியிருக்குண்ணே. போன தடவை நிலா மாதிரி வட்டமா இருந்தீங்க.

— உன் அண்ணியும் அதையேதான் சொன்னா. கல்யாணத்தன்னைக்கு இருந்த மூஞ்சி திரும்ப வந்துடுச்சாம். அன்னைக்கே பிடிக்கலன்னு சொன்னவ அவ.

— பெல்ட்டுலயும் புதுசா ஓட்டை.

— குத்தூசி கையில இருக்கு, ஓட்டைக்கா பஞ்சம்?

— ஒழுங்கா சாப்பிடுறீங்களா?

— வாய்க்கு ருசியே தெரிய மாட்டேங்குது... நீ என்ன, ஆச்சரியம்னு ஆரம்பிச்சுட்டு பெல்ட்டுல வந்து நிக்கிறே?

— சொல்றேன். இந்த எக்ஸ்ரேயைப் பாருங்க, போன தடவை எடுத்தது. வெள்ளையா இருக்கிறது எலும்பு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல அது இவ்வளவு உயரம் நிக்கணும். உங்களுக்கு இங்கதான் நிக்குது.

— பாதி இறங்கிப் போச்சு. இதை அன்னைக்கே காட்டினே.

— காட்டினேன். ஆனா அன்னைக்கு உங்க ஈறு எப்படி இருந்துச்சு தெரியுமா? இளஞ்சிவப்பா, சமத்தா. கம்பியை விட்டாக்கூட ஒரு சொட்டு ரத்தம் இல்ல. எலும்பு பாதி போயிருக்கு, ஈறு எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கு. பாருங்க, அட்டையில எழுதியிருக்கேன், 'ரத்தம் இல்லை'. அதுக்குக் கீழ ரெண்டு கோடு.

— ரெண்டு கோடு எதுக்கு?

— எனக்குப் புரியலன்னா ரெண்டு கோடு போடுவேன். இன்னைக்குப் பாருங்க, அப்படியே தலைகீழ். தக்காளி மாதிரி சிவந்து, வீங்கி, தொட்டா ரத்தம். முப்பத்தொன்பது நாள்ல எப்படி?

— டாக்டர் உனக்கு 'கேள்விக்குறி'ன்னு வச்ச பேரு சரியாத்தான் இருக்கு.

— அது கொஞ்சுறதுக்கு வச்ச பேரு இல்லண்ணே. போன வாரம் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. 'நீ பல்லைச் சுத்தம் பண்ண வந்திருக்கே, பாடம் எடுக்க வரல. இன்னொரு தடவை என்னைக் கேட்காம நோயாளிக்கு விளக்கம் சொன்னேன்னு தெரிஞ்சா, வேற இடம் பார்த்துக்க'ன்னு.

— அடப்பாவமே. ஏனாம்?

— மேஸ்திரி ஒருத்தருக்கு, சுவர்ல ஓதம் ஏறுற மாதிரின்னு சொல்லிப் புரிய வச்சேன். அவர் நேரா டாக்டர்கிட்டப் போய், பல்லுக்குச் சிமெண்ட் பூசியே ஆகணும்னு சண்டை பிடிச்சுட்டாரு.

— ஹ... ஹா! ஐயோ, சிரிச்சா ஈறு வலிக்குது. நீ அவங்கவங்க தொழிலை வச்சே சொல்ற ஆளாச்சே. போன தடவை நான் ஹால்ல காத்துட்டிருந்தப்போ ஒரு பஸ் டிரைவர்கூடச் சொன்னாரு. 'அந்தப் பொண்ணு டயரை வச்சே எனக்கு எல்லாத்தையும் விளக்கிடுச்சு'ன்னு பெருமையா.

— அவரா! அவருக்கும் உங்க மாத்திரைதான். அதே ஸ்டீராய்டு. உங்களுக்குக் கிட்னிக்கு, அவருக்கு மூட்டுக்கு. அவர் எக்ஸ்ரேயும் உங்களோடது மாதிரியேதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டே இருந்தேன், அன்னைக்குப் பூரா.

— எங்க ரெண்டு பேருக்கும் ஜாதகம் பார்த்தியா? பொருந்துச்சா?

— பொருந்துச்சு. அதான் ஆச்சரியம். சரி, இப்போ நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. பிரஷ்ஷை மாத்தினீங்களா?

— அதே பழசு. தலை மொட்டையாகிப் போன பிரஷ்.

— பற்பசை?

— மாத்தல.

— புகையிலை, பாக்கு?

— கிட்னி மாத்தினதுல இருந்து அந்தப் பக்கமே போறதில்ல. போனா உன் அண்ணி விடுவாளா? அவ கிட்னிதானே என் வயித்துல இருக்கு. நாலு வருஷமா வீட்டுல எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில ஒரே வரிதான். 'என் கிட்னியைத் திருப்பிக் கொடு.'

— வெளியில அவங்கதானே உட்கார்ந்திருக்காங்க?

— அவதான். கூடவே வருவா. தன் சொத்தை விட்டுட்டுப் போவாளா?

— சரி. பிரஷ் மாறல, பசை மாறல, பழக்கம் மாறல. ஈறு மட்டும் ஏன் மாறணும்?

— நீதான் சொல்லணும். எனக்கு உட்கார்ற பக்கம்தான் தெரியும்.

— நான் யோசிக்கிறதைச் சொல்லட்டுமா? டாக்டர்கிட்டச் சொல்லிடாதீங்க.

— வாயில ஆணி. சொல்லு.

— பல்லு ஓரத்துல அழுக்கு படியும். அதுல கிருமி. கிருமி வந்தா ஈறு சும்மா இருக்காது, சண்டை போடும். சிவக்கிறது, வீங்குறது, ரத்தம் வர்றது எல்லாம் அந்தச் சண்டைதான். உங்க ஸ்டீராய்டு என்ன பண்ணும்? சண்டை போடாதேன்னு உடம்பை அடக்கி வைக்கும். அண்ணி கொடுத்த கிட்னியை உடம்பு வேத்தாள்னு நினைச்சு அடிக்கக் கூடாதில்ல, அதுக்குத்தான் அதைக் கொடுக்கிறாங்க.

— சரி...

— ஆனா கிட்னிகிட்ட மட்டும் அடங்கு, ஈறுகிட்ட சண்டை போடுன்னு அதுக்குப் பிரிச்சுச் சொல்ல முடியாது. எல்லா இடத்துலயும் அடக்கிடும். காவல்காரன் வாயைக் கட்டிப் போட்ட வீடு மாதிரி. திருடன் வந்தாலும் சத்தமே வராது. கிருமி பாட்டுக்கு உள்ள போய் எலும்பை அரிச்சுட்டே இருக்கும். அந்த மாத்திரையும் தன் பங்குக்கு எலும்பைக் கொஞ்சம் மெலிசாக்கும்.

— ஓ... இன்னைக்குக் காவல்காரனா?

— ஏன், அன்னைக்கு வேற என்ன சொன்னேன்?

— என்னவோ சொன்னே. மறந்துட்டேன். நீ மேல சொல்லு.

— நானும் மறந்துட்டேன், ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்றேன்... அதனாலதான் அன்னைக்கு ரத்தம் இல்ல. அது புரிஞ்சுடுச்சு. இன்னைக்கு ஏன் ரத்தம்? காவல்காரன் இப்போ ஏன் கத்துறான்?

— தொண்டை சரியாயிருக்கும். என்ன தங்கச்சி, ஜோக்குக்குச் சிரிக்கவே மாட்டேங்குறே?

— கட்டை யாரோ அவிழ்த்து விட்டிருக்காங்க. அண்ணே, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?

— என்னம்மா கேள்வி இது! தினமும் காலையில உன் அண்ணி ஒவ்வொண்ணா என் உள்ளங்கையில வைப்பா. தண்ணி கொடுப்பா. முழுங்குற வரைக்கும் இடுப்புல கையை வச்சு நின்னு பார்ப்பா. வேணும்னா அவளையே கூப்பிட்டுக் கேளு.

— கூப்பிடட்டுமா?

— ...வேண்டாம். எதுக்கு அவளை எழுப்பிக்கிட்டு. மூட்டு வலி பாவம்.

— வாயில போடுறதைப் பார்ப்பாங்க. தண்ணி குடிக்கிறதைப் பார்ப்பாங்க.

— ஆமா.

— கன்னத்துல இருபது ஆணியோட பாட்டு பாடுற ஆளு நீங்க. அந்த டப்பாவைக் கொடுங்க.

— ஆணிம்மா. கையில குத்தும்.

— ஆட்டிக் காட்டுங்க அப்போ.

— எதுக்கு?

— ஆணின்னா கணகணன்னு கேட்கணும். நீங்க சாஞ்சு படுத்தப்போ கேட்டேன், பருப்பு டப்பா மாதிரி சத்தம் வந்துச்சு. அப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு.

— உன் காதையும் டாக்டர் கண்டிக்கணும்... மெதுவா பேசு தங்கச்சி. கதவு மெலிசு. அவளுக்குக் கேட்கும்.

— கொடுங்க.

— ...இந்தா.

— ஐயோ, அண்ணே.

— சின்னது மட்டும்தான். அந்த வெள்ளை மட்டும்தான். மத்த ரெண்டு மாத்திரையும் தவறாம முழுங்குறேன், உன் மேல சத்தியம்.

— ஓரமெல்லாம் கரைஞ்சிருக்கு.

— பட்டறைக்குப் போற வரைக்கும் கன்னத்துலயே இருக்கும்ல. கசப்பு, அப்பப்பா! ஆணி எவ்வளவோ தேவலை. குப்பையில போட மனசு வரல. அவ காசை மிச்சம் பிடிச்சு வாங்குறது.

— கன்னத்துல கரைஞ்சது கொஞ்சம் உள்ள போயிருக்கும். எவ்வளவு போயிருக்கும்... பாதியா, கால்வாசியா... ஒருவேளை அதுதான் உங்களை இதுவரைக்கும் நிக்க வச்சிருக்கோ என்னவோ. இருங்க, எண்ணிக்கிறேன்.

— எதுக்கு எண்ணுறே?

— ...முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. யாருண்ணே சொன்னது?

— என்னது?

— இதை நிறுத்தச் சொல்லி. உங்களுக்கா தோணியிருக்காது. கிட்னி மாத்தின நாள்ல இருந்து வேளை தவறாம சாப்பிட்டவரு நீங்க.

— ஒருத்தங்க.

— எந்த ஒருத்தங்க? டிரைவரா?

— இல்ல.

— போன்ல எதையாவது பார்த்தீங்களா? யாராவது பொடி விக்கிறவங்க, லேகியம் விக்கிறவங்க?

— நான் என்ன அவ்வளவு ஏமாளியா? படிச்சவங்கதான். நல்ல மனசுக்காரங்க. விடு தங்கச்சி.

— நல்ல மனசுக்காரங்க இப்படிச் சொல்வாங்களா? பேரைச் சொல்லுங்க, நானே போய்க் கேட்கிறேன்.

— நீ போக முடியாது.

— ஏன்?

— ...ரொம்ப தூரம்.

— அவங்க 'நிறுத்து'ன்னு சொன்னாங்களா?

— வாயைத் திறந்து அப்படிச் சொல்லல. அந்த மாத்திரை ஈறை என்ன பண்ணுதுன்னுதான் சொன்னாங்க. மிச்சத்தை நானா புரிஞ்சுக்கிட்டேன்.

— எப்போ?

— அது ஆச்சு கொஞ்ச நாள்.

— ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா முப்பத்தெட்டு நாள். நீங்க இங்க வந்தது முப்பத்தொன்பது நாள் முன்னாடி. அப்போ இங்க வந்துட்டுப் போன மறுநாள்ல இருந்து...

— கணக்கை விடும்மா.

— என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க சொன்ன மாதிரியே.

— வேண்டாமே...

— அண்ணே.

— என் தொழிலை வச்சுச் சொன்னாங்க. 'உங்க ஈறு பளபளன்னு துணி போர்த்தின சோபா மாதிரி இருக்கு. பார்க்கிறவங்களுக்குப் புதுசு. உள்ள மரச்சட்டம் செல்லரிச்சுக்கிட்டு இருக்கு. அந்த மாத்திரைதான் துணி'ன்னு. எவ்வளவு அழகா சொன்னாங்க! இத்தனை டாக்டருங்க சொல்லி ஏறாதது ஒரே நொடியில மண்டையில ஏறிடுச்சு. சட்டம் செல்லரிச்சா நாங்க முதல்ல என்ன செய்வோம் தெரியுமா? துணியைக் கிழிச்சு எறிவோம். துணியோட வச்சுக்கிட்டு எவனாவது சட்டத்தைச் சரி பண்ணுவானா? அதான்... கிழிச்சேன். தங்கச்சி? தண்ணி குடிக்கிறியா? டப்பா சாயுது பாரு. மாத்திரையெல்லாம் கீழ கொட்டிடும்.

— அவங்க... அதோட இன்னும் ஒண்ணு சேர்த்துச் சொல்லியிருக்கணும். அதுக்காக மாத்திரையைத் தொடக் கூடாதுன்னு.

— சொல்ல வந்திருப்பாங்க. அதுக்குள்ள அடுத்த ஆளை உள்ள கூப்பிட்டுட்டாங்க.

— இல்லண்ணே. அவங்களுக்குத் தோணவே இல்ல. உவமை நல்லா வந்துடுச்சுன்னு சந்தோஷத்துல இருந்திருப்பாங்க.

— அவங்க மேல தப்பு இல்ல. புரிஞ்சுக்கிட்ட மண்டை என்னோடது. இப்போ என்ன ஆகிப்போச்சு? ரத்தம்தானே வருது. காவல்காரன் கத்துறான், அவ்வளவுதானே?

— அவ்வளவு இல்ல. அந்த மருந்து மாதிரி ஒண்ணை நம்ம உடம்பே சுரக்கும். நாலு வருஷமா வெளியில இருந்து வந்துட்டே இருந்தா, சுரப்பி நமக்கு வேலை இல்லன்னு தூங்கிடும். திடீர்னு நிறுத்தினா அது எழுந்திருக்காது. அதான் கண்ணைக் கட்டுது. அதான் ருசி தெரியல. பெல்ட்டு ஓட்டை, கன்னம் வத்தினது... எல்லாத்தையும் நான் பார்த்தேன். பார்த்துட்டுக் கிண்டல் பண்ணிட்டிருந்தேன்.

— நீ பண்ணாம யார் பண்ணுவா?

— இந்த நிலைமையில பல்லைப் பிடுங்கினா உடம்பு தாங்காதுண்ணே. ரத்த அழுத்தம் அப்படியே விழுந்துடலாம். அப்புறம் அண்ணியோட கிட்னி... அது என்ன நிலைமையில இருக்குன்னு பரிசோதனை பண்ணினாத்தான் தெரியும்.

— ...அவளோடதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?

— எனக்குத் தெரியல. இது எனக்கு நிஜமாவே தெரியல.

— சரி, இப்படிப் பண்ணலாம். இன்னைக்கு வேலை இருக்குன்னு சொல்லி நழுவிடறேன். நாளைக்குக் காலையில இருந்து சமத்தா முழுங்கிடறேன். டாக்டருக்குத் தெரிய வேண்டாம், உன் அண்ணிக்கும் தெரிய வேண்டாம்.

— நாளைக்கு இல்ல, இப்பவே கிட்னி டாக்டர் பார்க்கணும்.

— டாக்டர் கேட்பாங்க தங்கச்சி, யார் சொன்னதுன்னு. நான் எதைச் சொல்றது? வேலையை நம்பி இருக்கிறவங்க பாவம் நமக்கு எதுக்கு?

— ...தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு. கையைக் கழுவிட்டாங்க. வராங்க.

— டப்பாவைக் கொடு, சீக்கிரம்.

— மாட்டேன்.

— என்ன சோபாக்காரரே, நாற்காலி இன்னும் கோணலாத்தான் இருக்கா?

— வாங்க டாக்டர். கோணல்தான். ஆனா பாருங்க, பட்டறையில அவசரமா ஒரு வேலை. இன்னொரு நாள் வந்து...

— ஊசின்னதும் எல்லாருக்கும் பட்டறை ஞாபகம் வந்துடும். சாயுங்க. கேள்விக்குறி, மருந்தை ஊசியில ஏத்து.

— ஏத்த மாட்டேன், டாக்டர்.

— என்னது?

— இவர் ஸ்டீராய்டு சாப்பிட்டு முப்பத்தெட்டு நாள் ஆச்சு.

— தங்கச்சி!

— இந்த டப்பாவுல இருக்கு, டாக்டர். ஓரம் கரைஞ்சிருக்கும். வாயில அடக்கி வச்சிருந்து துப்பியிருக்காரு.

— கடவுளே. கையை நீட்டுங்க சோபாக்காரரே. அந்த ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டு வாம்மா... பேசாம இருங்க, கையைத் தளர்த்துங்க... தொண்ணூறு, ஐம்பத்தாறு. எழுந்தா தலை சுத்துதா?

— கொஞ்சம்தான், டாக்டர்.

— கொஞ்சமாம்! இதோட நான் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கியிருந்தா, இன்னைக்கு இந்த நாற்காலியில என்ன நடந்திருக்கும் தெரியுமா? எழுந்திருக்காதீங்க. உங்க கிட்னி டாக்டருக்கு நானே போன் பண்றேன். இங்கிருந்து நேரா ஆஸ்பத்திரி. உங்க மனைவி வந்திருக்காங்களா?

— அவளைக் கூப்பிடாதீங்க, டாக்டர். வழியில நானே சொல்லிக்கிறேன்.

— அவங்க கொடுத்த கிட்னிய்யா அது. அவங்களுக்குத் தெரியாம இருக்கலாமா? பல்லுக்காகவா இதைப் பண்ணினீங்க?

— ஈறு கெட்டுப்போறதே அதாலதான்னு...

— அதாலயும்தான். பொய் இல்ல. ஈறு நோயை வெளிய தெரியாம மறைக்கும், எலும்பையும் மெலிசாக்கும். ஆனா அரிக்கிறது மாத்திரை இல்ல, அழுக்கும் கிருமியும். அதுக்கு வழி ஒழுங்கா தேய்க்கிறது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட வர்றது. மாத்திரையை ஒரு துளி குறைக்கணும்னாக்கூட அதைக் கொடுத்த டாக்டர்தான் குறைக்கணும், படிப்படியா. யார் உங்களுக்குச் சொன்னது?

— யாரும் சொல்லல, டாக்டர். நானாத்தான்.

— சோபாவுக்கு ஆணி அடிக்கிறப்போ ஞானம் வந்துடுச்சாக்கும்?

— இல்ல... ஒருத்தர் சொன்னாரு. பஸ்ல. பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்தவர்.

— எந்த பஸ்ல? யாரு? பேரு என்ன?

— பஸ்ல யாருங்க பேரெல்லாம் கேட்டுக்கிட்டு... இறங்கிப் போயிட்டாரு, டாக்டர்.

— சோபாக்காரரே, நான் யாரையும் தண்டிக்கிறதுக்குக் கேட்கல. உங்ககிட்ட இவ்வளவு நம்புற மாதிரி சொன்ன ஆள், உங்களோட நிறுத்தியிருக்க மாட்டாங்க. இதே மாத்திரை சாப்பிடுற இன்னொருத்தர்கிட்டயும் சொல்லியிருப்பாங்க. அவரும் உங்களை மாதிரியே துப்பிட்டு, எங்க, என்ன வேலையில இருக்காரோ... எழுந்து நிக்கிறப்போ கண்ணைக் கட்டினா நீங்க சோபா மேல விழுவீங்க. அவர்?

— பஸ்லதான், டாக்டர், சத்தியமா...

— நான்தான் சொன்னேன், டாக்டர். இவருக்குச் சோபான்னு சொன்னேன். பஸ் டிரைவருக்கு டயர்னு சொன்னேன்... இந்நேரம் அவர் வண்டியிலதான் இருப்பாரு.